வேலைக்காரி மகளின் பெயர்

"அபர்ணா, தண்ணியக் கொட்டாதடி!"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி தன் மூன்று வயது மகளை அதட்டினாள். அன்றுதான் முதன்முறையாக அவளை வேலைக்குக் கூட்டிவந்திருந்தாள். கூடத்தில் இருந்த அந்த வீட்டு மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது நாள் பேத்திக்கு மருமகள் சொல்லி, நேற்றுத்தான் அந்தப் பெயரை முடிவு செய்திருந்தார்கள்.

"என்ன பேருடி சொன்ன? இனிமே அவள குட்டின்னு கூப்பிடு. ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு ஒரே பேரு வேண்டாம்."

அந்த வீட்டின் பழைய வழக்கம் அது. பெயர் இடித்தால் வேலைக்காரியின் பெயர்தான் மாறும். இவளுக்கும் மாமியாரின் பெயர்தான். அதனால் ஆறு வருடமாக இங்கே 'சின்னவள்'.

சின்னவள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பவள் மருமகள். மணிக்கணக்கில் பேசுவாள், மாமியார் முன்னால் மட்டும் வாய்க்குப் பூட்டு. சின்னவள் கர்ப்பமாக இருந்தபோது, "நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்கக்கா" என்று கேட்டதும், இந்தப் பெயரை அர்த்தத்தோடு எடுத்துக்கொடுத்தவள் அவள்தான். கொடுத்ததோடு மறந்தும் போனாள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று மூன்று வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போது அதை நினைக்க மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. 'நான்தாம்மா சொன்னேன்' என்ற இரண்டு வார்த்தை, இரவு முழுக்கப் புரண்டும் வெளியே வரவில்லை.

மறுநாள் சின்னவள் தனியாக வந்தாள்.

"குட்டி எங்கடி?" என்றார் மாமியார்.

"குட்டின்னு எங்க வீட்ல யாரும் இல்லம்மா."

"வாய் நீளுதே! அந்தப் பேருக்கு அர்த்தமாவது தெரியுமா உனக்கு?"

சின்னவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பர்ணம்னா இலைம்மா. பார்வதி தவம் இருந்தப்ப, உதிர்ந்த எலயக்கூடச் சாப்பிடாம கெடந்தாங்க. அதனால அபர்ணா. பட்டினி கெடந்தாலும் நெனச்சத விடாதவ."

மாமியார் திகைத்துப்போனார். "இதெல்லாம் உனக்கு யாருடி சொன்னது?"

அறை வாசலில் நின்ற மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"படிச்சவங்க ஒருத்தங்க சொன்னாங்கம்மா," என்றாள் சின்னவள், அவள் பக்கம் திரும்பாமலே. "பேரு ஞாபகமில்ல."

மருமகள் வாயைத் திறந்தாள். பிறகு, "குழந்தை அழுவுது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.