மணி தப்பா காட்டுது

கம்ப்யூட்டர் திரையைக் கூடத்தின் பக்கம் திருப்பப் பார்த்தாள் விமலா. வயர் எட்டவில்லை. பலம் கொண்ட மட்டும் மேசையையே இழுத்துப் போட்டாள். நடுக்கூடத்தில், பெட்டிக்குள், அவள் அப்பா நல்லசாமி படுத்திருந்தார். நேற்றுக் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

"சீக்கிரம்மா. வண்டி வந்துருச்சு லா. தம்பி மொகத்தப் பாத்துட்டான்னா எடுத்துறலாம்," என்றார் முனியாண்டிச் சித்தப்பா.

தம்பி யோகேந்திரன் வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் இருந்தான். புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வராததால் கிளம்ப முடியவில்லை. விடிய விடிய சாவுச் செய்தி சொல்லியே விமலாவின் கைப்பேசி செத்துக் கிடந்தது. அப்பாவும் தம்பியும் ஞாயிறுதோறும் பேசுவது இந்தக் கம்ப்யூட்டரில்தானே என்று இதைப் போட்டாள்.

இணைப்பு வரவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறதாம். சரிசெய்தால்தான் உள்ளே போக முடியுமாம். மூலையில் இருந்த தேதி, தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருஷத்தைக் காட்டியது.

விமலாவின் கை அப்படியே நின்றது.

"மணி தப்பா காட்டுதும்மா. கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்."

கொஞ்ச நாளாகவே, மம்பாவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ரந்தாவில் இந்த வீட்டுக்கு அவள் வரும்போதெல்லாம் அப்பா இதைத்தான் சொன்னார். அவளோ மீன் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்புகிறவள். "செவத்துலதான் கடியாரம் இருக்குல்லப்பா, அதப் பாத்துக்குங்க" என்று ஒருமுறை சிரித்தாள். அவரும் சிரித்தார். செம்பனை எண்ணெய் ஆலையின் இரைச்சலில் காலம் தள்ளியவருக்குக் காது மந்தம். அவள் சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ.

ஃபோனில் அவருக்கு ஒன்றும் கேட்காது. முகத்தைப் பார்த்தால்தான் பேச்சுப் புரியும்.

ஆபீசில் நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள் அவள். கடிகாரத்தை அழுத்தினாள், தேதியை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள். சித்தப்பா வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

திரையில் யோகேந்திரன் வந்தான். சவரம் செய்யாத முகம். சித்தப்பா திரையின் மேல் செருகியிருந்த சின்னக் கேமராவைக் கையில் எடுத்துப் பெட்டிக்கு மேலே பிடித்தார். அவன் சத்தமில்லாமல் அழுதான்.

"அக்கா," என்றான் பிறகு. "இங்கயே தங்கிறப் போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்க்கா. அதுக்கப்புறம் அவரு லைனுக்கே வரல. நானும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்புட்டுப் பாத்தேன். கோவமா இருக்காரு, ஆறட்டும்னு விட்டுட்டேன். சாவுறவரைக்கும் எம்மேல கோவமாவே இருந்தாராக்கா?"

"இல்லடா. கம்ப்யூட்டரு கெட்டுப்போயிருந்துச்சு."

"கெட்டுப்போச்சா? யாருகிட்டயும் சொல்லலியா?"

விமலா வாயைத் திறந்தாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா வள்ளியம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விமலாவால் தாங்க முடியவில்லை.

"யாருகிட்ட போய்ச் சொல்லுவாருப்பா அவரு," என்றாள் அம்மா திரையைப் பார்த்து. "கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழமயானா சட்டய மாட்டிக்கிட்டு வந்து இதுக்கு முன்னாடி குந்திக்குவாரு. நீ வருவேன்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிருவாரு."

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவர் கேட்டபோதெல்லாம் அடுப்படியில் நின்றவள் அவள்தானே. 'என்கிட்டதாண்டா சொன்னாரு' என்று சொல்லிவிடலாம் என விமலா திரைப் பக்கம் திரும்பினாள். அதற்குள் தூக்குவதற்கு ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

பெட்டி வாசலைத் தாண்டியது. பெண்களின் ஓலம் தெருமுனைவரை போய் அடங்கியது. வண்டிச் சத்தமும் தேய்ந்தது. சித்தப்பா வைத்துவிட்டுப் போன கேமரா வெறுங்கூடத்தைப் பார்த்தபடி இருந்தது. யோகேந்திரன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. விமலாவும் அணைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றினாள். அம்மா விளக்குமாற்றால் தள்ளிவிட, தண்ணீர் மேசைக்கடியில் வந்தது. விமலா குனிந்து, தரையில் கிடந்த வயர்களை எல்லாம் சேர்த்து அள்ளி, நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.