தாளில் பார்த்த திதி

என் புருஷன் என்றைக்குச் செத்தார் என்று என்னையே செய்தித்தாளில் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வீட்டில் இங்கிலீஷ் தாள் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடக்கூடாதே என்றுதான் நினைப்பு ஓடியது.

தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு பொம்பளை இங்கிலீஷ் தாள் வாசிப்பது அதிசயந்தான். அந்த அதிசயத்துக்கு அவர்தான் காரணம். குத்தாலிங்கம் என்று பேர். ரங்கூனில் ஒரு அரிசிக் கம்பெனியில் கிளார்க். கடைசியாக லீவில் வந்தபோது, "அடுத்த வட்டம் உன்னையும் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கன வந்து ஊமச்சி மாதிரி நிக்கப்பிடாது, பாத்துக்கோ" என்றார். அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவளுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டுந்தான் தெரியும். அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். தினமும் தாளில் ஒரு செய்தி எடுக்கவேண்டும். தெரியாத வார்த்தைக்கு அகராதியில் அர்த்தம் பார்க்கவேண்டும். பிறகு அந்த வார்த்தையை நம் வீட்டுச் சங்கதியில் வைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். "சொல்லிட்டேன்னா அது உன் வார்த்தை. ஒருத்தனும் பிடுங்க முடியாது" என்றார்.

பக்கத்துத் தெரு வக்கீல் வீட்டில் வாசித்து முடித்த தாளை என் கொழுந்தன் நாறும்பூநாதன் வாங்கி வருவான். நான் வார்த்தைகளை அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துக்கொண்டு, குழம்பைக் கிண்டிக்கொண்டே வாக்கியம் சொல்லுவேன். ஷார்ட்டேஜ்: எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்க்கு ஷார்ட்டேஜ். புரொட்டெஸ்ட்: புளிக்குழம்பில் உப்பு கூடினால் கொழுந்தன் புரொட்டெஸ்ட் பண்ணுகிறான். என் மாமியார் உலகம்மாள் சுவரைப் பார்த்து முகவாயில் கை வைப்பாள்.

"ஏட்டி முத்துவடிவு, அடுப்படியப் பள்ளிக்கூடம் ஆக்கிட்டியே. நாளைக்கு ரசத்துக்குப் பதிலா இங்கிலீஸ ஊத்துவ போலுக்கே!"

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். சுவரில் இருந்த வார்த்தைகளும் மாறிப்போயின. ரெய்டு. இவாக்குவேஷன். காஷுவல்டி. அவரிடமிருந்து பொங்கலுக்கு எழுதிய கடிதம் ஒன்று வந்தது, அதோடு சரி. மாமியார் தினமும் கையைப் பிசைந்துகொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பாள்.

"என்னட்டி போட்டுருக்கான்?"

என்ன போட்டிருப்பான்? வெள்ளைக்காரன் செத்தால் பேர் போட்டான், ஊர் போட்டான், படித்த பள்ளிக்கூடம் முதற்கொண்டு போட்டான். நம் ஆட்கள் என்றால் இத்தனை இந்தியர்கள் என்று எண்ணிக்கை. பாழாய்ப்போகிறவன், எண்ணத் தெரிந்தவனுக்குப் பேர் கேட்கத் தெரியாதா? ஆனாலும் நான் விடாமல் வாசித்தேன். புது வார்த்தைகளுக்கும் வாக்கியம் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் இவாக்குவேட் ஆகி வந்துகொண்டிருக்கிறார் என்றுகூடச் சொன்னேன். காஷுவல்டி என்றால் ஆள்சேதம். அதற்கு மட்டும் வாக்கியம் சொல்லவில்லை. அது பாட்டுக்குச் சுவரில் கிடந்தது.

வைகாசியில் பாவூர்சத்திரத்துப் பலவேசம் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். அவனும் அதே கம்பெனியில் மூட்டை தூக்கியவன். எலும்பும் தோலுமாக எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தே பேசினான்.

"காலைல கிளார்க்கையாவ அரிசி மூட்ட அடுக்குற கிட்டங்கியில பாத்தேன், ஆச்சி. அப்புறம் பிளேன் வந்துட்டு. சாயந்தரம் போய்ப் பாத்தா கிட்டங்கியும் இல்ல, அந்தத் தெருவும் இல்ல."

"அது என்னைக்குடே?" என்று கேட்டாள் மாமியார்.

"தை முடியப் போற சமயம். நாளு எங்க ஆச்சி தெரிஞ்சுது? தினம் அதே கததான்."

பிணத்தை அவன் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. நான் அதைச் சொன்னேன். மாமியார் அவனுக்குச் சோறு போடச் சொன்னாள்.

என் நாத்தனார் மங்களேஸ்வரிக்கு ஆவணியில் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீடு கடையம். அண்ணன் இருக்கானா இல்லையா என்று ஒரு முடிவு தெரியாத வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். முடிவு என்றால் என்ன? தர்ப்பையில் ஒரு ஆள் பண்ணி எரித்துக் கருமாதி முடிப்பது. முடித்தால் அவளுக்குத் தாலி ஏறும், எனக்கு இறங்கும். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கமுடியாமல் மாட்டுத் தொழுவில் போய் நின்றுகொண்டாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தச் சமயத்தில் எனக்கு எதன்மேலும் எதுவும் இல்லை. உடம்பெல்லாம் மரக்கட்டை.

கருமாதிக்குத் திதி வேண்டும். தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், தோஷமில்லை என்று ஐயர் சொன்னார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாள் தெரியாமச் செத்த அம்புட்டுப் பேருக்கும் அமாவாசை. எம்புள்ளைக்குன்னு ஒரு நாளு வேண்டாமா சாமி? வருசா வருசம் நான் என்னைக்குன்னு அவனுக்குச் சோறு வைப்பேன்?"

அப்போதுதான் கொழுந்தனுக்கு அந்த யோசனை வந்தது. பரணிலிருந்து தை மாதத்துத் தாள்களை இறக்கி என் முன்னால் வைத்தான்.

"மதினி, ரங்கூன்ல குண்டு விழுந்த நாளப் பாத்துச் சொல்லுங்க. பஞ்சாங்கத்துல திதி பாத்துக்கிடுவோம்."

உட்கார்ந்து வாசித்தேன். அகராதி தேவைப்படவில்லை. அவ்வளவு வார்த்தையும் என் வார்த்தையாகிவிட்டிருந்தது. ஒரு நாள் நிறையப் பேர் செத்திருந்தார்கள். ஒரு நாள் கொஞ்சப் பேர். 'ஆள்சேதம் சொற்பம்' என்று ஒரு நாள். அந்தச் சொற்பத்தில் ஒருத்தராக அவரை வைத்துப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளை மடித்துத் தள்ளினேன். கடைசியில் ஒரு தாளை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினேன். அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ரங்கூன் என்று கூட்டி வாசித்தான், தேதியைப் பார்த்தான், பஞ்சாங்கத்தைப் புரட்டினான். தேய்பிறை தசமி என்றான். மாமியார் 'தசமி, தசமி' என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

ஆனியில் குற்றாலத்துக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சிற்றாற்றங்கரையில் தர்ப்பை ஆளைப் படுக்கவைத்தார்கள். ஈரத்தில் சட்டென்று பற்றவில்லை. ஐயர் நெய்யை இன்னும் ஊற்றச் சொன்னார். அக்கரையில் சீசனுக்கு வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். சங்கல்பத்தில் ஐயர் திதியைக் கேட்டார். கொழுந்தன் வாய் திறக்குமுன் நானே உரக்கச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் இரண்டாம் தடவையும் சொல்லவேண்டியிருந்தது.

பத்தாம் நாள் தாலி இறங்கியது. சுற்றி நின்ற பொம்பளைகள் மாரடித்து அழுதார்கள். என்னை "அழுட்டி, அழுதிரு" என்று உலுக்கினார்கள். எனக்கு வந்தால்தானே அழ?

தென்காசிக்குத் திரும்பி, எல்லாரும் போனபிறகு, மாமியார் அடுப்படிக்கு வந்து என் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவரில் இருந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு என்ன போட்டுருந்தான்? எம்புள்ள போன அன்னைக்கு. வாசி, கேப்போம்."

வேண்டாம் அத்தை என்றேன். விடவில்லை. பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். முதலில் இங்கிலீஷில் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"நேற்று ரங்கூனுக்கு மேலே எதிரி விமானங்கள் வந்தன. துறைமுகத்தின் பக்கம் சில குண்டுகள் விழுந்தன. ஆள்சேதம் எதுவும் இல்லை."

அடி விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றுதான் இருந்தேன். மாமியார் என் கையில் இருந்த தாளையும் என் வெறுங்கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் சாவலையா?"

"அன்னைக்கு ஒருத்தரும் சாவல, அத்த."

வெளியே கொழுந்தன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் எட்டிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா, இன்னொருக்க வாசிட்டி" என்றாள்.