கிளிக்கை முந்துகிற கிற்றார்

கிளின்ரன் ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். குசினியில் நின்ற மனைவியிடம், "ஜெயந்தா, கொஞ்ச நேரத்துக்குக் கிரைண்டரைப் போடாதையும்" என்று கூப்பிட்டுச் சொன்னான். பிறகு கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு மடிக்கணினித் திரையில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

காதுக்குள் 'டிக், டிக்' என்று தாளம் தொடங்கியது. வாசித்தான். பல்லவி முடிந்து சரணத்துக்குள் கால் வைக்கிற நேரம், பாண் விற்கிற ஓட்டோ தன் வழக்கமான மெட்டை அலறவிட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்தது. மூடிய ஜன்னலைக் கடந்து அந்த மெட்டு வந்து மைக்கில் பதிந்தது.

"சனியன்!" என்று கத்தினான் கிளின்ரன். அதுவும் பதிந்தது.

இந்தத் தொல்லையைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் அவனேதான். நாரந்தனையில் படகு இஞ்சின் திருத்துவது அவனுடைய தொழில். இளந்தாரி வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவனும் அவன்தான். பெருநாளுக்கென்று பங்குத் தந்தை புதிதாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். அதை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்து யூரியூப்பில் போடவேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவு செய்து பழகிய சதீசன் என்ற பெடியன் உதவிக்கு வந்தான். முதலில் கிற்றாரைத் தனியாகப் பதிய வேண்டும், பிறகு அதைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் பாட வேண்டும் என்றான்.

"கிற்றாரை வாசிக்க ரவுணுக்கு வாறியளோ அண்ணை?"

"ஏன் அங்கை அலையிறது? நான் வீட்டிலையே பதிஞ்சு அனுப்புறன். கொம்பியூட்டர் கிடக்குத்தானே" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான் கிளின்ரன். சதீசன் ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

மென்பொருளைத் திறந்த அன்றே அவனுக்கு அரைவாசி உயிர் போய்விட்டது. திரை முழுக்கக் கோடும் பொத்தானும். எதை அழுத்தினாலும் இன்னொரு பெட்டி திறந்தது. யூரியூப்பில் பாடம் நடத்தியவர்களோ, கிளின்ரனுடைய திரையில் இல்லாத பொத்தான்களை எல்லாம் அழுத்திக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். எப்படியோ ஒலி பதிந்தது. ஆனால் கிற்றாரோடு சேர்ந்து 'ஊம்' என்று ஒரு இரைச்சலும் பதிந்தது. வயரை மாற்றினான். மைக்கை மாற்றினான். கடைசியில் சார்ஜரைக் கழற்றியதும் அந்த இரைச்சல் நின்றது. சந்தோசப்பட்டு ஒரு தடவை வாசித்து முடிப்பதற்குள் பழைய பற்றரி தீர்ந்து திரை கறுத்தது.

அதற்கும் பழகிக்கொண்டான். சார்ஜ் ஏற்றுவான், கழற்றுவான், வாசிப்பான், திரும்ப ஏற்றுவான். அடுத்த தொல்லை இதைவிட மோசமாக இருந்தது. விரல் தந்தியைத் தட்டுவது இப்போது, காதில் சத்தம் கேட்பது சற்றுப் பிறகு. தன்னுடைய கிற்றாரை வேறு யாரோ பக்கத்து வளவில் இருந்து வாசிப்பதுபோல இருந்தது. மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தான். பொரிக்கிற சத்தம் வந்ததே தவிரப் பிந்துவது நிற்கவில்லை. கோபத்தோடு சதீசனுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, காதுக்கு என்ன போட்டிருக்கிறியள்?"

"புளூடூத் ஹெட்செட். நல்ல சாமான், மச்சான் வெளிநாட்டில இருந்து அனுப்பினது."

"அதுதான் பிழை. புளூடூத்தில சத்தம் பிந்தித்தான் வரும். வயர் உள்ளதைப் போடுங்கோ."

போனை வைத்தான். ஒரு கிழமையாக மென்பொருளைத் திட்டியிருக்கிறான். ஜெயந்தாவிடம் எரிந்து விழுந்திருக்கிறான். அலுமாரிக்குள் கிடந்த பழைய வயர் ஹெட்செட்டைத் தேடி எடுத்துக் கொழுவினதும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று பின்னேரமே முழுப் பாட்டையும் வாசித்துப் பதிந்து, வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பெரிய வேலை முடித்தவன்போல முகம் கழுவப் போனான்.

திரும்பி வந்து பார்க்கையில் சதீசனின் பதில் வந்து கிடந்தது. 'அண்ணை, நல்லா இருக்கு. ஆனால் கிளிக்கை விட்டு முந்துறியள். இன்னொருக்கா எடுங்கோ.'

அதாவது அந்த 'டிக், டிக்' தாளத்துக்கு முன்னால் ஓடுகிறானாம். கிளின்ரன் திரும்ப எடுத்தான். திரும்பவும் அதே பதில். மூன்றாவது முறையும் அதுவே வந்தபோது அவனுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நான் முந்தேல்லை தம்பி. உந்த லப்டொப்பில ஏதோ பிழை" என்றான் போனில்.

"சரி அண்ணை, திரையில தெரியிற ஒலிப் படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ. நிலைக்குத்தா நிக்கிற கோடுகள்தான் கிளிக். உங்கட அடி அந்தக் கோட்டிலை விழவேணும்."

பெரிதாக்கிப் பார்த்தான். கிற்றாரின் ஒவ்வோர் அடியும் திரையில் ஒரு முள்ளாக எழும்பியிருந்தது. தொடக்கத்தில் முள்ளும் கோடும் ஒன்றாகவே நின்றன. போகப்போக முள் கோட்டுக்கு முன்னால் நகர்ந்தது. இரண்டாம் சரணத்தில் ஓர் அடி முழுக்க முன்னால் நின்றது. ஒரு படகு கரையை நோக்கி வரும்போதே, இஞ்சினில் எந்த அடி தவறுகிறது என்று நின்ற இடத்தில் சொல்லக்கூடிய காது அவனுடையது. அந்தக் காதுக்கு இது ஒருநாளும் கேட்டதில்லை.

குசினி வாசலில் போய் நின்றான். "ஜெயந்தா, நான் வாசிக்கேக்கை வேகம் கூடுறதே?"

ஜெயந்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு உந்தச் சங்கீதம் விளங்காதப்பா" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "பூசையில பாட்டு முடியேக்கை எல்லாருக்கும் மூச்சு வாங்குறது. அது மட்டும் தெரியும்" என்றாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மேரிறோஸ் வீட்டுக்குப் போனான். பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். இவனைவிட மூத்தவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் பாட்டை ஓட்டுறனானோ?"

"ஓம் தம்பி" என்றாள் மேரிறோஸ், காயப்போட்ட உடுப்பை மடித்தபடியே. "உமக்குத் தெரியாதே? நீர் எப்பவும் ஓடுவீர். நாங்கள் பிறகாலை ஓடிவந்து பிடிப்பம்."

"இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்லி, நீர் கோவிச்சுக்கொண்டு வாசிக்கிறதை விட்டிட்டால்? இஞ்சை வேற ஆர் கிற்றார் வாசிக்கிறது?"

அவன் கோபித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். யார்மேல் கோபம் என்று அவனுக்கே சரியாகப் பிடிபடவில்லை. குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பாதருக்கும் தெரிந்திருக்கும். தன் வாசிப்பைப் பற்றித் தான் பெருமையாகக் கதைத்தபோதெல்லாம் அவர்கள் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சில நாட்கள் கிற்றாரைத் தொடவே இல்லை. மடிக்கணினியைத் துணியால் மூடி வைத்தான். சதீசன் போன் எடுத்தபோது, வேலை அதிகம் என்று சொன்னான்.

ஆனால் வேலையில் மனம் நிற்கவில்லை. இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கையில் அந்த முட்களும் கோடுகளும் கண்ணுக்குள் வந்துகொண்டேயிருந்தன. கடைசியில் தாளம் தட்டுகிற செயலி ஒன்றைப் போனில் இறக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 'டிக், டிக்' என்று அது தட்ட, அதற்குக் காலைத் தட்டிக்கொண்டு ஆணிகளைக் கழற்றினான். பின்னேரங்களில் பாட்டை அரைவாசி வேகத்தில் வாசித்தான். அரைவாசி வேகத்தில் அந்தப் பாட்டு செத்தவீட்டுப் பாட்டுப்போலக் கேட்டது. கை தானாக முன்னுக்கு ஓடப் பார்த்தது, அதைப் பிடித்து வைக்கத் தோள்மூட்டு நொந்தது.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டுறியளோ, இல்லாட்டி நான் அம்மா வீட்டை போகட்டோ?" என்றாள் ஜெயந்தா ஒருநாள்.

"நானும் வரட்டே?" என்றான் அவன். பகிடியாகச் சொல்லவில்லை.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஒருநாள் சரியாக வரும், மறுநாள் பழையபடி ஓடும். பதிந்ததை அழித்தான், திரும்பப் பதிந்தான், திரும்ப அழித்தான். பிறகு ஒரு பின்னேரம், வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க வாசித்து முடித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தொடக்கம் முதல் கடைசிவரை முட்கள் கோடுகளிலேயே நின்றன. நம்பாமல் இரண்டு தடவை பார்த்தான். சதீசனுக்கு அனுப்பினான்.

'அண்ணை, இதுதான்! சனிக்கிழமை வாறன், எல்லாரையும் வரச்சொல்லுங்கோ' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை சதீசன் மைக்குகளோடு வந்து பங்கு மண்டபத்தில் எல்லாவற்றையும் பொருத்தினான். குழு வரிசையாக நின்றது. எல்லார் காதிலும் ஹெட்செட். கிளின்ரன் அன்று வாசிக்கவேண்டியதில்லை. சுவரோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, தன் கிற்றார் ஒலியை மற்றவர்கள் கேட்பதைப் பார்க்கக் காத்திருந்தான்.

பல்லவி அழகாக வந்தது. முதலாம் சரணத்தில் சதீசன் நெற்றியைச் சுருக்கினான். இரண்டாம் சரணத்தில் கையை உயர்த்தி நிறுத்தினான். "இன்னொருக்கா பாடுவம்."

இன்னொருக்கா பாடினார்கள். அதே இடத்தில் நின்றது. அதற்குப் பிறகும் அப்படியே. மேரிறோஸ் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"கிற்றார் பிந்துது" என்றாள். "நாங்கள் எப்பவும் பாடுற மாதிரித்தான் பாடுறம். தம்பி, நீர் ஏன் இப்பிடி இழுத்து வச்சிருக்கிறீர்?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கிளின்ரனுக்குக் காது இரண்டும் கொதித்தன. எழுந்துபோய்ச் சதீசனின் திரையைப் பெரிதாக்கி, "வந்து பாருங்கோ அக்கா" என்றான். "இது கிளிக். இது கிற்றார், கோட்டிலை நிக்குது. இது உங்கட குரல். எங்கை நிக்குது பாருங்கோ."

மேரிறோஸ் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். அவளுடைய குரல் இரண்டாம் சரணத்தில் ஓர் அடி முன்னால் நின்றது.

"உந்த ஓட்டம் ஆரிட்டைப் பழகினது?" என்றாள் நிமிர்ந்து. "உம்மட்டைத்தானே!"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கிளின்ரனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பொழுது படும்வரை பாடிப் பார்த்தும் ஒரு பதிவுகூடச் சரிவரவில்லை. மைக்குகளைச் சுற்றி வைத்துக்கொண்டே, பெருநாளுக்கு முன்னால் இது சரிவராது என்று சதீசன் பாதரிடம் மெல்லமாகச் சொல்வது கிளின்ரனுக்குக் கேட்டது.

பெருநாள் பூசையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். கிளின்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாக வாசித்தான். குழு முதலாம் சரணத்திலேயே அவனை விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. சனம் திரும்பிப் பார்ப்பதற்கு முன், வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தான். பாட்டு முடிந்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. நன்றாக இருந்தது என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கிற்றாரை உறையில் வைத்தான்.

அடுத்த பயிற்சிக்குப் போவதா என்று கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனான். மேரிறோஸ், தாளச் செயலி இருந்த அவனுடைய போனை வாங்கிப் பெரிய ஸ்பீக்கரில் தானே கொழுவினாள்.

"சரி, போடும் உந்த டிக்டிக்கை" என்றாள். "ஆனால் ஒண்டு. ஆராவது முந்தினால் நான்தான் ஏசுவன், நீர் ஏசக்கூடாது."

பாடத் தொடங்கினார்கள். பல்லவி தாளத்தோடு நின்றது. முதலாம் சரணமும் ஒருவாறு நின்றது. இரண்டாம் சரணத்தின் நடுவில் ஓடியது மேரிறோஸின் குரல்தான். எல்லாரும் அதைக் கேட்டார்கள். அவள் யாரை ஏசுவது என்று சுற்றிப் பார்த்தாள்.

"திரும்ப, முதல்ல இருந்து" என்றான் கிளின்ரன்.