நினைவுமலரின் ஒன்பதாம் பக்கம்

"உங்கள் மகள் உங்கள் புத்தகங்களை வாசிப்பாளா?"

ஒரு வானொலிப் பேட்டியில் ஹெட்விக் லோமாரிடம் இப்படிக் கேட்டார்கள். அவள் சற்று யோசித்துவிட்டு, "முதற்பக்கத்தை மட்டும் பார்ப்பாள் என்று நினைக்கிறேன்" என்றாள். ஏழு நாவல்களும் இரண்டு கட்டுரைத் தொகுப்புகளும் அவள் எழுதியவை. ஒன்பதிலும் முதற்பக்கத்தில் இருந்தது ஒரே சொல்தான்: கத்றினுக்கு.

ஜெர்மனியில், பிறேமன் நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை செய்தபடிதான் ஹெட்விக் முதல் நாவலை எழுதினாள். அது தட்டெழுத்துப் பெண்களின் கதை. விற்கவில்லை. மூன்றாவது நாவலில் ஒரு பெண் அடுப்பில் சூப்பைக் கொதிக்கவிட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். அதற்குப் பரிசு கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, கத்றினுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஹெட்விக்கும் அப்படியே போனாள். தான் செய்ததைத்தான் எழுதினாள் என்று பத்திரிகைகள் சொன்னபோது, எழுதியதைத்தான் செய்தேன் என்று அவள் திருத்திப் பதில் எழுதினாள். பிறகு வந்த கட்டுரைகளில் எதையும் மறைக்கவில்லை. பிள்ளையை விட்டுவந்த தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாள் என்றுகூட எழுதினாள். கத்றினிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

யாழ்ப்பாணத்து அகதியான பத்மநாதனை அவள் சந்தித்தது அங்கே ஓர் அகதி முகாமில். அங்கே வாரம் இரண்டு நாள் ஜெர்மன் படிப்பிக்கப் போவாள். தொண்ணூற்றொன்றில் இருவரும் லண்டனுக்கு வந்து ஹரோவில் குடியிருந்தார்கள். அவர் பஸ் ஓட்டினார். அவள் குசினி மேசையில் இருந்து ஜெர்மனில் எழுதினாள். அவருடைய சொந்தக்காரருக்கு அவள் 'ஜேர்மன் மாமி'. அதற்கு மேலே, அவருடைய அக்காவைத் தவிர, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கேட்கவும் இல்லை.

முப்பது வருடங்களுக்குப் பிறகு, ஒரு தை மாதம் அவள் இறந்தாள். அன்று தொடக்கம் பத்மநாதனுக்கு எதுவுமே கிட்டத்தில் இல்லாதது போல இருந்தது. ஆட்கள் பேசுவது அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி போலக் கேட்டது. அழுகை வரவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன கேட்டாலும் ஆமாம் என்கிற மாதிரி "ஓம்" என்றார். ஓம் என்றால் ஆட்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

கிழக்கு லண்டனில் செவன் கிங்சிலிருந்து வந்த அக்கா சிவமலர் எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். "முப்பத்தோராம் நாள் செய்யத்தான் வேணும், தம்பி. வெள்ளைக்காரியெண்டாலும் எங்கட வீட்டு மனிசி. மலரும் அடிப்பம்."

பத்மநாதன் அதற்கு மட்டும் மனதாரச் சம்மதித்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் தங்கள் வீட்டில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, குடும்ப மரம். ஹெட்விக்குக் கொள்ளைப் பிரியம் அதில். ஒரு சொல் வாசிக்கத் தெரியாமலே நாற்பது மலர் சேர்த்து வைத்திருந்தாள். பஸ் ஓட்டினவனுக்கும் கடை நடத்தினவனுக்கும் ஆளுக்கொரு புத்தகம் போடுகிற சனம் இது என்று கட்டுரையும் எழுதினாள்.

அன்றிரவே அவர் கத்றினுக்குப் போன் செய்து மலரைப் பற்றிச் சொன்னார். தகனத்துக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"உங்கள் ஆட்களின் புத்தகமா?" என்று ஜெர்மனில் கேட்டாள். "அதில் நான் இருப்பேனா?"

"இருப்பாய். மகள் என்று போடுவோம்."

எந்த நாள், எங்கே என்று கேட்டாள். பிறகு, "அப்படியென்றால் வருகிறேன்" என்றாள். அவளுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது.

மலர் எழுதுபவர் கிருஷ்ணமூர்த்தி மாஸ்டர். ஹரோப் பக்கத்தில் யார் இறந்தாலும் அவர்தான் எழுதுவார். அவரிடம் கணினியில் ஏற்கெனவே எழுதிய வரலாறு ஒன்று இருந்தது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

"பத்மநாதன், புறூவ் அனுப்பினனான். பாத்தனீங்களோ?"

"ஓம்."

"அச்சுக்குக் குடுக்கட்டே?"

"ஓம், மாஸ்டர்."

அச்சுக்கு முந்திய பிரதி இருந்த மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் காலை, வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் வாசலில் நூற்றைம்பது மலர்கள் அடுக்கியிருந்தன. அட்டையில் ஹெட்விக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பத்மநாதன் ஒன்றை எடுத்துக் குடும்ப மரத்தைப் பார்த்தார். அவருக்கும் ஹெட்விக்குக்கும் கீழே ஒரு கோடும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் வாழ்க்கை வரலாறு இருந்தது. 'சிறந்த எழுத்தாளர்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்ததாக, 'மகப்பேறு வாய்க்காத குறை தெரியாமல் மருமக்களையே தம் மக்களாகப் பேணினார்.'

"அக்கா, கத்றின்ர பேர் இல்லை."

"எந்தக் கத்றின்?"

"ஹெட்விக்கின்ர மோள்."

சிவமலர் சுற்றிப் பார்த்தார். "மெல்லக் கதை. மாஸ்டர் என்னட்டக் கேட்டவர், பிள்ளையள் இல்லையெண்டு சொன்னன். உனக்கு இல்லைத்தானே? பெத்த பிள்ளையை விட்டிட்டு வந்தவவெண்டு அடிச்சு ஊருக்கெல்லாம் குடுக்கச் சொல்லுறியோ?"

"அவ எல்லாத்தையும் தானே எழுதி அடிச்சவ, அக்கா."

"அது ஜேர்மனிலை. இஞ்ச அதை ஆர் வாசிச்சது?"

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் கேட்டனான் பத்மநாதன். நீங்கள் ஓமெண்டனீங்கள்."

"ஓம்" என்றார் பத்மநாதன்.

சிவமலரின் மகள் தாரிணி ஒரு பேனையை நீட்டினாள். "மாமா, அவவுக்குக் குடுக்கிற ஒண்டிலையெண்டாலும் பேரை எழுதிவிடுங்கோவன். கீழ ஒரு கோடு கீறினால் சரி."

"விசரே உனக்கு? கிறுக்கின புத்தகத்தைக் கையிலை குடுக்கிறதே?" என்றார் சிவமலர். "அவளுக்குத் தமிழ் தெரியாதுதானே. இருக்கெண்டு சொல்லிவிடு, முடிஞ்சுது."

பேனை பத்மநாதனின் கைக்கு வந்தது. மூடியைக் கழற்றினார். ஐயர் உள்ளே இருந்து கூப்பிட்டார். அவர் மூடியைப் பூட்டிப் பேனையைத் தாரிணியிடம் திருப்பிக் கொடுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.

கிரியை முடிந்து சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது கத்றின் வந்தாள். மழைக்கோட்டு, நரைத்த கட்டைத் தலைமயிர், தாயின் அகன்ற நெற்றி. விமானம் பிந்திவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். யாரோ ஒரு பிள்ளை அவள் கையில் மலரைக் கொடுத்தது.

அவள் ஒரு கதிரையில் இருந்து பக்கங்களைப் புரட்டினாள். தேவாரத்தைக்கூட வரி வரியாகப் பார்த்தாள். பத்மநாதன் பக்கத்தில் இருந்தார்.

"வாழ்க்கை வரலாறு எது?"

ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்று லேசாகச் சிரித்தாள். "அவளுக்குப் பிடித்திருக்கும். தன் எழுத்தில் எப்போதும் அளவு கூடிவிடுகிறது என்று நான் சின்னவளாக இருந்தபோது சொல்வாள்." விரலால் வரிகளைத் தடவினாள். "இதில் நான் இருக்கிறேனா?"

சிவமலர் தூரத்தில் வடைத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல ஜெர்மனில் ஒரு சொல் போதும். முப்பத்தொரு நாளாக ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய வாய் அதையே ஜெர்மனில் சொன்னது.

"யா."

"எந்த இடத்தில்?"

அவர் விரலை எங்கோ நடுப்பக்கத்தில் வைத்தார்.

கத்றின் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். போனின் கமராவை அவர் விரல் வைத்த இடத்துக்கு மேலே பிடித்தாள். அவளுக்கு அவர் மேல் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வரியைத் தன் மொழியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் தமிழ் எழுத்துகள் ஒருமுறை ஆடி, ஒவ்வொன்றாக ஜெர்மனாக மாறின. சொற்கள் தாறுமாறாகத்தான் வந்தன. ஆனால் 'பிள்ளையில்லாத' என்ற சொல் பிழையில்லாமல் வந்தது. பத்மநாதனும் அதை வாசித்தார்.

அவள் போனைக் கொஞ்சம் மேலே தூக்கி, மறுபடி கீழே இறக்கிப் பார்த்தாள். அதே சொல். குடும்ப மரத்துக்குப் புரட்டினாள். பெட்டிகளை எண்ணுவது போல விரல் மேலிருந்து கீழே வந்து, கோடு இல்லாத இடத்தில் நின்றது.

"கத்றின்" என்றார் அவர். முப்பத்தொரு நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. அதுவும் உடனே அடங்கிவிட்டது.

தாரிணி ஒரு கோப்பைப் பாயசத்தோடு வந்து நின்றாள். கத்றின் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். மலரை மூடி, மடங்காமல் பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்தாள். மழைக்கோட்டின் தெறிகளைக் கீழிருந்து மேலாகப் பூட்டினாள். சாப்பாட்டு வரிசை அவளுக்கு வழிவிட்டது. கதவு மெல்லச் சாத்தப்பட்டது.