அறுபதைத் தாண்டினால் இரைச்சல்

அந்த வண்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத ஆளே கிடைக்கவில்லை போலிருந்தது. மூன்று நாளாக மகள் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டினால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இரைச்சல் என்று ஒருவர் எழுதியிருந்தார். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் என்ஜின் சத்தமும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன என்றார் இன்னொருவர். முன்னால் இருக்கும் திரை நினைத்தால் வேலை செய்கிறது, நினைக்காவிட்டால் தூங்கிவிடுகிறதாம். பின்சீட்டுக்குப் பள்ளிக்கூட பெஞ்சு தேவலையாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டவர்கள்தான் அந்தக் கூட்டத்திலேயே தாராள மனசுக்காரர்கள்.

"இதைத்தான் வாங்கணும்னு யாராவது உன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்களாம்மா?" என்றாள் மகள்.

"ஓட்டிப் பாக்காம எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். வேறொரு கூடத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால், வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையை நீட்டுங்கள் என்பாள். வண்டி விஷயத்திலும் அதே குணம்தான். கார் மாதிரி தாழ்வாகவும் இல்லாமல், ஜீப் மாதிரி முரடாகவும் இல்லாமல் நடுவாந்திரமாக இருந்த அந்தச் சின்ன கிராஸ்ஓவரில், ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தாள். அவள் குள்ளம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் தலையணை வைத்துத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இதில் தலையணை இல்லாமலே முன்பக்க இரண்டு மூலையும் தெரிந்தன. அந்த ஒரு காரணம் போதும் என்று அவளுக்குப் பட்டது.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது வீட்டுக்காரருக்குத் தெரியும். புது வண்டியை அவள்தான் ஓட்டப் போகிறாள் என்பது மட்டும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்தவரின் பின்னால் ஒரு லாரிக்காரர் அரைத் தெரு தூரம் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இவர் ஒதுங்கவே இல்லை. கடைசியில் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, தெருவே வேடிக்கை பார்க்கும்படி திட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே அம்மாவும் மகளும் முடிவு கட்டிவிட்டார்கள். கார் வாங்க வேண்டும், பைக் சாவியைப் பிடுங்க வேண்டும். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரருக்குக் காது மந்தம். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்பவருக்குக் காது போகாமல் என்ன செய்யும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டால் பதில் வராது. இரண்டாம் தடவைக்கு ஒரு "ம்" வரும். மூன்றாம் தடவைக்குக் கூப்பிட்டவருக்கே சொல்ல வந்தது மறந்துபோகும்.

அதுவரைக்கும் அவளுக்கு வருத்தம்தான், கோபமில்லை. கோபம் வந்தது போன வருஷம். தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெற்றார் என்று விருந்துக்குப் போயிருந்தார்கள். வெல்டர் ஒருவர் அவளிடம் வந்து, "எங்க ரேடியோவோட வீட்டுக்காரம்மாவா நீங்க?" என்றார்.

"ரேடியோவா?"

"பின்ன? வாயை மூடவே மாட்டாரே. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், இவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பார். நாம ஒண்ணு சொன்னா ஒன்பது பதில் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அத்தனை மெஷினுக்கு நடுவில் ஊரார் பேசுவது கேட்கிறது, ஓசையில்லாத வீட்டில் பெண்டாட்டி பேசுவது மட்டும் கேட்கவில்லை. அப்படியென்றால் அது காதின் கோளாறு இல்லை, மனசின் கோளாறு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. மென்று முழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவரை வைத்துக்கொண்டே மகளிடம் சாதாரணக் குரலில் எல்லாவற்றையும் பேசினாள், அவர் ஏதோ மூலையில் நிற்கும் அலமாரி மாதிரி. மகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவருமாக ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைக்காரர் நாற்பது வயதுக்காரர், விமர்சனங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். "முதல்ல நான் ஹைவே வரைக்கும் ஓட்டிக் காட்டறேன் மேடம். அப்புறம் நீங்களோ சாரோ எடுங்க" என்றார். அவள் முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் பின்னால்.

ஊருக்குள் வண்டி சாதுவாகத்தான் போனது. நெடுஞ்சாலையில் ஏறி அறுபதைத் தாண்டியதும் விமர்சனக்காரர்கள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அடியிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, எழுபதில் காதை அடைத்தது.

"நான் சொன்னேன்ல?" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். "இதுக்குள்ள எப்படிப் பேசறது?"

"இப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று அம்மாவும் கத்தினாள்.

"சரி, நீதான் ஓட்டப் போறேன்னு அப்பாகிட்ட எப்ப சொல்லப் போற?"

"வண்டி வரட்டும். இப்பவே சொன்னா பைக் சாவியைத் தர மாட்டாரு."

"பைக் சாவியை எதுக்குத் தரணும்?" என்றார் அவர்.

விற்பனைக்காரர் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இரைச்சல் அடங்கியது. அவள் திரும்பி, மெல்லிய குரலில் ஏதோ சமாதானம் சொன்னாள்.

"என்ன? கேக்கல" என்றார் அவர். பிறகு முன்னால் குனிந்து, "ஏன் சார் மெதுவாப் போறீங்க? இப்பதான் பேச ஆரம்பிச்சாங்க" என்றார்.

விற்பனைக்காரர் பக்கத்தில் இருந்த அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். வண்டி மறுபடி எழுபதுக்குப் போனது.

"அன்னிக்கு லாரிக்காரர் அவ்வளவு நேரம் ஹார்ன் அடிச்சும் நீங்க காதுல போட்டுக்கல. அதனாலதான்" என்று கத்தினாள்.

"காதுல போட்டுக்கலைங்கறது வேற. காதுல விழலைங்கறது வேற. ஹெல்மெட் வேற மாட்டியிருந்தேன்."

"ஃபேக்டரில மட்டும் எல்லாம் விழுதாமே?"

ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது இப்படி முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால், எழுபது வேகத்தில் வெளியே வந்து விழுந்தது. அவர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"விழுது. ஏன்னு எனக்கும் தெரியல. அங்க எல்லாரும் பேசறது தெளிவாக் கேக்குது. வீட்டுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசற மாதிரி இருக்கு. சிரிக்கறீங்க. எதுக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறீங்க. சரி, ஒண்ணுமில்லன்னு நானும் விட்டுட்டேன்."

மகள் குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள். விற்பனைக்காரர் உலகத்தில் சாலையைத் தவிர வேறெதுவுமே இல்லை என்பதுபோல் ஓட்டினார். அம்மாவுக்கு முகம் சுட்டது. எத்தனை தடவை அந்த "ஒண்ணுமில்ல"யைச் சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள். அவர் பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டு, வழிநெடுக, பிரேக்கில் காலை இவ்வளவு ஆழமாக வைக்காதே, கண்ணாடியைப் பார், அந்த பஸ்காரன் நிறுத்தப் போகிறான் என்று ஓயாமல் பேசினார். ஊருக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் அவர் பேச்சும் குறைந்து, நின்றேவிட்டது.

மறுநாள் வேலைக்கு நடுவில் அவள் தன் பரிசோதனைக் கூடம் இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய், காது மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். ஊர் ரத்தத்தையெல்லாம் சோதித்துப் பார்த்தவளுக்கு வீட்டில் ஒரு காதைச் சோதிக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் தோன்றவில்லை.

மருத்துவரம்மா அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து அரை மணி நேரம் சோதித்தார். பிறகு படம் வரைந்து காட்டினார்.

"நடுக்காதுல ஒரு சின்ன எலும்பு இருக்கு. அது அசையணும். இவருக்கு அது இறுகிக்கிட்டே வருது. மெஷினால வந்தது இல்ல. இந்த மாதிரி காதுக்கு இரைச்சலே பாதிதான் கேக்கும். ஆனா இரைச்சல்ல எதிர்ல இருக்கறவங்க தானாவே குரலை உயர்த்திடறாங்க. அதனால பேச்சு தெளிவா வந்துடுது. அமைதியான இடத்துல எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க, இவருக்கு எட்டாது."

"அப்ப அவர் சொன்னது நிஜம்தானா?" என்றாள்.

"நிஜம்தான். இதை வெச்சு வீட்டுல சண்டை போட்டுட்டு வர்றவங்க நிறைய பேர்." மருத்துவரம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். காதுக்கருவி இந்தக் கோளாறுக்கு நன்றாக உதவும், பிறகு வேண்டுமானால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார்.

படியில் இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "நான்தான் தப்பா நெனச்சுட்டேங்க" என்றாள், கீழ்மாடி வரைக்கும் கேட்கும் குரலில். கூடத்து வாசலில் காத்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேக்குது, கேக்குது" என்றார் அவர்.

இப்போது வண்டி விஷயம் முன்னைவிடச் சிக்கலானது. "அப்பாவுக்குக் கருவி வந்துட்டா அப்புறம் எதுக்கு அந்தத் தகர டப்பா? அமைதியான வண்டியாவே பாக்கலாமே" என்றாள் மகள். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. வேறொரு ஷோரூமுக்குப் போய், நட்சத்திரத்துக்குக் குறைவில்லாத ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எண்பதில் போனாலும் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் முன்பக்கம் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. திரும்பி வந்து நிறுத்தும்போது, வாசலில் நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கூம்பின் மேல் ஏற்றி நசுக்கினாள். அங்கிருந்த பெண் பரவாயில்லை மேடம் என்று நாலு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்திக் கேட்டாள். "நீங்க சொல்லுங்க. எதை வாங்கலாம்?"

"ஓட்டப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப உனக்கு ரோடு எதுல தெரியுதோ, அதை வாங்கு. சத்தத்தைப் பத்தி எழுதினவங்க யாரும் உன் உயரத்துல இருந்து பாத்திருக்க மாட்டாங்க."

"பைக்?"

"கடைத்தெரு வரைக்கும் எனக்கு வேணும்."

"பெரிய ரோட்டுக்குப் போகக் கூடாது."

"சரி. கடைத்தெருவும் நூலகமும்."

அந்த அளவில் பேச்சு முடிந்து, அந்த இரண்டு நட்சத்திர வண்டியே வீட்டுக்கு வந்தது.

எழுதியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. மூன்றாம் நாளே திரை தூங்கிப்போய், அணைத்துப் போட்ட பிறகுதான் விழித்தது. பின்சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்த மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நான் படித்துக் காட்டியபோது யார் கேட்டீர்கள் என்றாள். நீண்ட தூரம் போய் வந்தால் அம்மாவுக்குத் தலை வலித்தது. ஆனால் குறுகலான தெருக்களில்கூட எங்கேயும் உரசாமல் ஓட்டினாள். வேலை பார்க்கும் கட்டடத்தின் அடித்தள நிறுத்துமிடத்தில் காவலாளி கைகாட்ட வருவதை ஒரு வாரத்தில் நிறுத்திக்கொண்டார்.

காதுக்கருவியும் வந்தது. முதல் வாரம் முழுக்க அவர் குறை சொன்னார். குளிர்சாதனப் பெட்டி இவ்வளவு முனகுமா, உன் செருப்பு இப்படியா சத்தம் போடும், இவள் ஃபோனில் இத்தனை நேரமா பேசுகிறாள் என்று. சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்து முணுமுணுத்த ஒன்றுக்கு அவர் பதில் சொன்னதும் அவளுக்குப் புரையேறியது. வீட்டில் ரகசியம் பேசுகிறவர்கள் இப்போது மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரத் தொலைவிலிருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு இருவரும் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஏறி இரைச்சல் தொடங்கியதும் அவர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க?"

"அதோட இருந்தா வண்டிதான் கேக்குது. இல்லாம இருந்தா நீ பேசறது கேக்குது."

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் எட்டு மாதம் வேலை பார்த்ததையும், அங்கே ஒரு பத்திரிகை முழுவதையும் தலைகீழாக அச்சடித்து வேலை போனதையும் சொன்னார். அப்படி ஓர் அச்சகத்தில் அவர் வேலை பார்த்ததே அவளுக்குத் தெரியாது. அப்புறம் முதலாளி என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டே போனாள். அக்கா வீட்டுக்குப் பிரியும் பாதை ஓரத்தில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த திருப்பம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி என்று பலகை சொன்னது.

அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பேச்சு சுவாரசியத்தில் பாதையை விட்டுவிட்டோம் என்றாள் இவள்.

"யாரு, இவரா பேசினாரு?" என்று அக்கா நம்பாமல் பார்த்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டு, "என்ன கேட்டீங்க?" என்றார்.