பலாப்பழம் இறங்கிய இடம்

மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டில் சின்னமுத்துவுக்கு ஒரு மரியாதை இருந்தது. பெரிய மரியாதை என்று சொல்ல முடியாது. அவர் வந்தால் டீக்கடை பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் விடுவார், அவ்வளவுதான். ஐம்பது வயதில், மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் மனிதருக்கு அது போதும். போன வருஷம் பலா சீசனில் அதுவும் போயிற்று.

போக்கடித்தவர் தங்கை தேன்மொழியின் புருஷன் ஜீவானந்தம். ஏதோ ஒரு விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். விமானங்களுக்கு வெகு அருகில் வாழ்ந்தார் என்பது உண்மைதான். நடுவில் ஒரு மதில்சுவர் மட்டும் இருந்தது. மலைக்குத் திரும்பி விருந்தினர் விடுதி கட்டியபோது, வாசலில் பனையுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்: 'கேப்டன் ஜீவானந்தம்'. தலையில் தங்கச் சிறகு குத்திய தொப்பி, கையில் ரிமோட். கீழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு ரிமோட் விமானம் ஓட்டிக் காட்டுவார். அதைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் அறைக்கு அன்று சுடுதண்ணீர் வராது.

விடுதியில் நடந்த பலா விழாவில், விமானம் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கில் கூப்பிட்டார்.

"ஏனுங்க மச்சான், இங்க வாங்க. சும்மா புடிங்க. ஏரோட்டற கைக்கு இதென்ன பெரிய வித்தையா?"

சின்னமுத்து ரிமோட்டைப் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். இடப்பக்கம் தள்ளினார். விமானம் வலப்பக்கம் போனது. பதறி இன்னும் இடப்பக்கம் தள்ளினார். அது இன்னும் வலப்பக்கம் சாய்ந்து, சில்வர் ஓக் மரத்தை உரசி, மரவள்ளிக் கொல்லையில் தலைகுப்புற விழுந்தது.

"பாத்தீங்களா!" என்றது மைக். "எங்க மச்சான் பலாப்பழமாட்டமே எறக்கிப்போட்டாரு!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அன்றைக்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் டீக்கடையில், "பலாப்பழத்துக்கு ஒரு டீ" என்றார்கள். பெஞ்சில் யாரும் நகரவில்லை. மழைக்காலம் வருவதற்குள் பஸ் கண்டக்டர் பூபதி அவர் இறங்கும் நிறுத்தத்துக்கே பெயர் மாற்றிவிட்டார்.

"பலாப்பழம் எறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்க!"

முன்பின் தெரியாத சனமெல்லாம் அந்தப் பெயர் சொல்லி டிக்கெட் கேட்டது. சின்னமுத்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்க ஆரம்பித்தார். நடக்க நடக்க அவருக்கு ஒரே எண்ணம்தான். இந்தப் பெயரைக் கழற்றி, அதே கூட்டத்தில், அதே மைக் முன்னால், மாப்பிள்ளையின் தலையில் அந்தத் தொப்பிக்கு மேல் மாட்ட வேண்டும். அதற்கு விமானம் ஓட்டக் கற்க வேண்டும்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே விற்கும் தெர்மோகோல் விமானம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளலாம், விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அவர் மனைவி நாமகிரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்கா தோட்டத்து வேலைய உட்டுப்போட்டு உக்காந்திருக்கீங்க?"

"நீ பேசாம இரு."

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினார். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள பட்டை மேலே தூக்கியது. அதுதான் சரி. பட்டை தூக்கினால் இறக்கை அமுங்கும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும். சின்னமுத்துவுக்கு அது ஒப்பவில்லை. வலப்பக்கம் சாய வேண்டுமென்றால் வலப்பக்கம் இறங்கத்தானே வேண்டும்? ஜீப்பில் மூட்டையை எந்தப் பக்கம் போடுகிறோமோ அந்தப் பக்கம்தானே சாய்கிறது? ரிமோட்டின் அடியில் வலது இடதை மாற்றும் சின்னப் பொத்தான் ஒன்று இருந்தது. நகத்தால் தள்ளினார். பட்டை கீழே இறங்கியது. உலகத்து விமானக்காரர்களையெல்லாம் திருத்திவிட்ட நிம்மதியோடு தூங்கினார்.

காலையில் சாமை அறுத்த கொல்லையில் நாமகிரிதான் விமானத்தை எறிந்தாள். குரங்கு விரட்டிப் பழகிய கை, குறி தப்பாது. சின்னமுத்து இடப்பக்கம் தள்ளினார். விமானம் வலப்பக்கம் போனது.

வேறு யாராக இருந்தாலும் பிழை என்று கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அவருக்கு அதற்கு முன் தெரிந்த ஒரே விமானம் மாப்பிள்ளையுடையது. அதுவும் இப்படித்தான் போயிற்று. ஆகவே விமானத்தின் குணமே இதுதான் என்று முடிவு கட்டி, எதிர்ப்பக்கம் தள்ளியே ஓட்டப் பழகினார். பாறையில் விழுந்தது, ஒட்டினார். பலாமரத்தில் தொங்கியது, ஏறி எடுத்தார். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் மைக்கில் கேட்ட அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். பசை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். தை பிறந்தபோது விமானம் அவர் சொன்னபடி கேட்டது. சரியாகச் சொன்னால், சொன்னதற்கு எதிராக.

ஒருநாள் தேன்மொழி வந்தாள். விமானம் எட்டுப் போடுவதை வாயைப் பிளந்து பார்த்தவள், அவர் விரலையும் பார்த்தாள்.

"அண்ணா, நீ இப்பிடித் தள்ளற, அது அப்பிடிப் போவுது?"

"அது அப்பிடித்தாம் போவும். உன் ஊட்டுக்காரனோடதும் அப்பிடித்தான போச்சு."

தேன்மொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கிறுக்கண்ணா! அவர் ரிமோட்டு முதுவுல ஒரு சுவிட்ச் இருக்குது. அதத் தட்டுனா வலது இடது மாறிப்போவும். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் தட்டி உட்டுத்தான் குடுப்பாரு. அப்பறம் ஊட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

சின்னமுத்து விமானத்தை இறக்கினார். கொடுவாள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார்.

"அவர வெட்டிப்போட்டா, வெட்டுன பலாப்பழம்னுதான் உங்கள சொல்லுவாங்க," என்றாள் நாமகிரி.

அது உண்மை. சின்னமுத்து உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது.

"இந்த வருசமும் மைக்குல கூப்புடுவானா?"

"கூப்புடாம இருப்பாரா? விருந்துக்கு வர்றவங்களுக்கு என்னைய ஏர் ஹோஸ்டஸ்னு சொல்லி, களித்தட்டோட நிக்க வெக்கறவரு. உன்னைய உடுவாரா?" என்றாள் தேன்மொழி. அவள் குரலிலும் கொஞ்சம் கொடுவாள் இருந்தது.

"அப்ப நம்ம ரிமோட்ட மாத்தலியா?" என்றாள் நாமகிரி.

"மாத்தறதாவது!"

இந்த வருஷத்துப் பலா விழாவில் கூட்டம் அதிகம். ஜீவானந்தம் புதிதாக ஒரு விமானம் வாங்கியிருந்தார். நாலு ஆள் கைகோத்து நின்றால்தான் அதன் இறக்கைக்கு ஈடாகும். வானத்தில் அதை ஏற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, எதிர்பார்த்தபடியே மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பலாப்பழ மச்சான் எங்க? வாங்க, வாங்க!"

ரிமோட்டைக் கொடுக்கும்போது அவர் சுட்டுவிரல் முதுகுப்பக்கம் போய் வந்ததைச் சின்னமுத்து பார்த்தார். வாங்கிய கையோடு சுவிட்சைத் தன் விரலால் மூடிக்கொண்டார்.

பழகியபடி எதிர்ப்பக்கமே தள்ளினார். விமானம் ஆடவில்லை, அசையவில்லை. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றியது. எட்டுப் போட்டது. விடுதிக் கூரையை முத்தமிடுவதுபோல் வந்து ஏறியது. கூட்டம் கை தட்டியது. பூபதி விசிலடித்தார். ஜீவானந்தத்தின் முகத்தில் சிரிப்பு மட்டும் பாக்கியிருந்தது, சந்தோஷம் போய்விட்டது. அவசரத்தில் சுவிட்சைத் தட்டாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்தார். கை தட்டல் கூடக் கூட அவரால் தாங்க முடியவில்லை.

"போதும் மச்சான். எறக்கறதுதான் வித்தை. அது உங்களுக்கு வராது. குடுங்க."

"நமக்கெங்கீங்க வரப்போவுது மாப்ள," என்றார் சின்னமுத்து, மைக்குப் பக்கம் வாயைக் கொண்டுபோய். "கேப்டன் நீங்கதான?"

விமானத்தைத் திருப்பி, வாசலை நோக்கி வேகமாக வரவிட்டு, ரிமோட்டை நீட்டினார். அந்த வேகத்தில் வரும் விமானத்தை விட்டுக் கண்ணை எடுத்துச் சுவிட்சைக் குனிந்து பார்க்க எந்தக் கேப்டனாலும் முடியாது.

ஜீவானந்தம் திருப்பினார். அது மறுபக்கம் திரும்பியது. இன்னும் திருப்பினார். தேன்மொழி களித்தட்டைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். விமானம் ஒருச்சாய்ந்து, ஃபிளெக்சில் சிரித்துக்கொண்டிருந்த கேப்டனின் மூக்கில் புகுந்து பின்பக்கம் பாதி நீட்டிக்கொண்டு நின்றது.

ஒரு வருஷமாக மெருகேற்றி வைத்திருந்த வாக்கியத்தைச் சின்னமுத்து மைக்கில் சொன்னார். "பாத்தீங்களா, எங்க மாப்ள பலாப்பழமாட்டமே..." ஒருவர் காதிலும் விழவில்லை. கூட்டம் அப்படிச் சிரித்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுவாரம் பஸ்ஸில் பூபதி விடுதி வாசலில் கத்தினார்: "பெரிய பலாப்பழம் எறங்கு!" சின்னமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பின் தன் நிறுத்தத்திலேயே இறங்கத் தயாராகி முன்னால் வந்து நின்றார்.

"சின்னப் பலாப்பழம் எறங்கு!"

வீட்டுக்கு வந்து செருப்பை உதறினார். "கேலி பண்ணுனாக்கூட அவனுக்குத்தான் பெரிய பட்டமா?" என்றார் நாமகிரியிடம்.

"சரி, உடுங்க. வஞ்சம் தீந்துதில்ல? அந்த ரிமோட்ட நேர் பண்ணி வெய்ங்க," என்றாள் நாமகிரி.

சின்னமுத்து ரிமோட்டைத் திருப்பி, நகத்தைப் பொத்தானில் வைத்தார். அப்போது தேன்மொழியிடமிருந்து போன் வந்தது. கேப்டன் புது விமானத்துக்குச் சொல்லியிருக்கிறாராம். இதைவிடப் பெரிசாம்.

நகத்தை எடுத்துக்கொண்டார்.

"நாமகிரி, கொல்லைக்கு வா. காத்து கெளம்பறதுக்குள்ள ரெண்டு தடவ எறிஞ்சு குடு."