டாங்கி கழுவிய தண்ணீர்

மூக்கனைக் காட்டிக் கொடுத்தவன் கணேசமூர்த்திதான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவனே ஒளிக்கவில்லை. புல்லுக்கு மருந்தடித்துவிட்டு இறங்கும் வழியில் மூக்கன் முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியை ஓடையில் கழுவுவதைக் கண்டான். மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். நாலாவது தடவை நேரே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். மூக்கனுக்கு இரண்டு வாரம் வேலையை நிறுத்தினார்கள். மூக்கனின் பெண்சாதி அழகம்மா, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவில் இருந்த கணேசமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டுச் சோறும் தின்றான். செய்தது சரி என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

இதெல்லாம் தொடங்கியது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பெப்ரவரியில். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம். கம்பெனிக்கு ஏதோ சான்றிதழ் வேண்டுமாம். சுற்றாடலைக் காக்கும் தோட்டம் என்று தேயிலைப் பெட்டியில் குத்திக்கொள்ளலாமாம், வெளிநாட்டில் கூடுதல் விலை கிடைக்குமாம். அதற்காகக் கொழும்பிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலே கூட்டம் போட்டார்கள். ஒருவர் சிங்களத்தில் முழங்கினார், இன்னொருவர் தமிழில் சொன்னார். தண்ணீரைக் காப்பது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது, பெரிய பெரிய காரியமெல்லாம் வேண்டாம், அன்றாடம் செய்யும் சின்ன வேலையைச் சரியாகச் செய்தாலே போதும் என்றார்கள். இனி ஓடையில் டாங்கி கழுவக்கூடாது. ஆறாம் நம்பர் மலை உச்சியில் அதற்கென்று குழி வெட்டிக் குழாயும் போட்டாகிவிட்டது, அங்கேதான் கழுவ வேண்டும். மருந்தடிக்கிற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். டாங்கி கழுவும் தண்ணீருக்கு நானே பொறுப்பு என்று எழுதிய தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். மற்றவர்கள் தொப்பிக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். கணேசமூர்த்தி அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முதல் ஆளாகப் போட்டான்.

அவனுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக அந்த ஓடையில் டாங்கி கழுவியவன் அவன். ஓடை நேராகக் கீழே இருக்கும் பணிய லயத்துக்குத்தான் போகிறது. அங்கே அவனுடைய அக்கா காளியாயி இருக்கிறாள். பகல் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, ரெண்டு மணிக்கு ஓடைத் தண்ணீர் விழும் பீலியில் குடத்தை வைப்பாள். இவர்கள் டாங்கி கழுவுவது ஒரு மணிக்கு. பதினெட்டு வருஷம் இது மண்டையில் ஏறவில்லையே, அது என்ன புத்தியோ! அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கொடுத்த பால் விடாத சாயத் தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தான். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து வந்தான்.

அதன் பிறகுதான் அவன் பிடிவாதம் பிடித்தவனாகிப் போனான். குழிக்குப் போக, முதுகில் டாங்கியோடு கால் மணி நேரம் மலையேற வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு ஓடைக்கே போனார்கள். இவன் மட்டும் ஏறினான். தொரை வீட்டு மாப்பிள்ளை போகிறார், வழி விடுங்கள் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டான். ஆனால் மூக்கன் விஷயத்துக்குப் பிறகு ஒருத்தரும் கேலி பேசவில்லை. ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு மலையேறினார்கள். மூக்கனும் ஏறினான். பணிய லயத்தில் இப்போது தண்ணீர் நாறுவதில்லை என்று காளியாயி சொன்னபோது கணேசமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழியையும் வாயாரப் புகழ்ந்தான். எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் காலையில் காய்ந்து கிடக்கிறது, நல்ல குழி என்று எல்லாரிடமும் சொன்னான். நல்ல குழியாம்! ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த மடையன் ஒரு நாளாவது யோசித்தானா?

ஜூனில் மழை பிடித்தது. முதலில் படுத்தவள் அழகம்மா. வாயெல்லாம் புண், வாந்தி. பிறகு அதே மேல் லயத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவர். தோட்டத்து மருந்துக்காரர் சூடு என்றார், பிறகு காய்ச்சல் என்றார், குளிசை கொடுத்தார். ஒரு நாள் காலையில் கணேசமூர்த்தி மேல் லயத்துப் பீலியில் கையை ஏந்தி ஒரு வாய் குடித்தான். குடித்ததும் துப்பினான். பதினெட்டு வருஷம் முதுகில் சுமந்த மணம் அவனுக்குத் தெரியாதா?

கொட்டுகிற மழையில் பீலிக்கு வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினான். மேல் லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்று ஒரு பாறைக்கு அடியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே, நாற்பது அடி தூரத்தில், அந்தக் குழி. உள்ளே இறங்கி மண்ணைக் கையால் கிளறினான். பார்க்க வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேலே ஒரு சாண் அளவுக்கு வழவழவென்று சீமெந்து பூசியிருந்தார்கள். அடியில் வெறும் மண். ஊற்றியதெல்லாம் நேரே ஊற்றுக்குத்தான் இறங்கியிருக்கிறது. கணேசமூர்த்தி குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான். தான் ஊற்றியது பாதி, மற்றவர்களை மிரட்டி ஊற்ற வைத்தது மீதி என்று அழுதான்.

ஆபீசுக்குப் போய்த் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஃபைலைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

"இது ஒன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க தொர."

"கழுவுற தண்ணிக்கு நானே பொறுப்புன்னு இருக்கு. அப்புறம் கம்பெனிகிட்ட என்ன கேக்குற?"

அடியிலும் சீமெந்து போட்டால் போதும் என்று கெஞ்சினான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். விஷயம் வெளியே போனால் சான்றிதழ் போய்விடும், பிறகு உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். கழுவிய தண்ணீரை மலையிலேயே தெளித்துவிடட்டுமா என்று கண்டாக்கையாவைக் கேட்டான். கொழுந்து கருகினால் உன் அப்பனா வந்து பதில் சொல்வான் என்று அவர் எரிந்து விழுந்தார்.

மறுநாள் ஒரு மணி. வேலை முடிந்து ஆறு பேரும் டாங்கியோடு பாதை பிரிகிற இடத்தில் நின்றார்கள். குழியில் கழுவவேண்டாம் என்று கணேசமூர்த்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். கழுவாத டாங்கியை ஸ்டோரில் வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமில்லை. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அடிக்க வருவார்கள் என்று நினைத்தான். ஒருத்தரும் அடிக்கவில்லை. மூக்கன்தான் பேசினான்.

"ஓடையில கழுவாதன்னதும் நீதான், இப்ப குழியில கழுவாதங்கிறதும் நீதான். நான் கோவமாக் கேக்கல மூர்த்தி. எம் பொண்டாட்டி கஞ்சித் தண்ணி எறங்காம கெடக்கா. கீழ ஒங்க அக்கா இருக்காங்க. எதுல கழுவ? நீ சொல்லு, நான் கேக்குறேன்."

அவன் ஏளனமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே கேட்டான். கணேசமூர்த்தி மேலே போகும் பாதையைப் பார்த்தான், கீழே ஓடையைப் பார்த்தான்.

"ஓடையிலயே கழுவுங்கண்ணே," என்றான்.

ஆறு பேரும் இறங்கிப் போய் ஓடையில் கழுவினார்கள். அவனும் கழுவினான்.

டாங்கியை ஸ்டோரில் போட்டுவிட்டு, குறுக்கு வழியில் பணிய லயத்துக்கு ஓடினான். பீலியடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். காளியாயிக்கு முன்னால் இன்னும் இரண்டு குடம் இருந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தான். சொன்னால் இந்த லயம் திரண்டு மேலே போகும், கழுவியவன் யார் என்று கேட்கும், மேல் லயத்துக்காரர்களின் மண்டையை உடைக்கும். தாளில் இருப்பது ஆறு பேரின் கையெழுத்து. அக்காவைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய்க் காதில் சொன்னான்.

"இனி இந்த நேரத்துல புடிக்காதக்கா. விடியக்காலையில புடிச்சு வச்சுக்க. யார்கிட்டயும் சொல்லாத."

காளியாயி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு மட்டுமாடா சொல்ற?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றான் கணேசமூர்த்தி.